பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று எங்கே மேடை போட்டாலும் ஒரு ராணுவ வீரரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். பெரும்பாலும் மேடையேறுபவர் உண்மையாகவே பட்டாளத்தில் இருந்தவராகவும் இருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூடப் பயிற்சித் திடலில் நிற்காதவர்கள் சீருடை தைத்து, பதக்கம் குத்தி, "கார்கிலில் நான் இருந்தேன்" என்று மைக் பிடிப்பதும் நடக்கிறது. முப்படைகளிலும் பணி முடித்து வந்த நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் காண்பது, எங்கே சரிபார்ப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

"யாரோ ஒருவர் பெருமைக்குச் சொல்லிவிட்டுப் போகிறார், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு இருக்கிறது. பொய்யாகப் போர்க்கதை சொல்பவர் அந்தப் பெயர்களில் ஒன்றின் சாவைத்தான் எடுத்துத் தன் அனுபவமாகச் சொல்கிறார். கூட இருந்தவனைப் பனியில் பறிகொடுத்தவர்கள் அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் இருக்கும் இடத்தில் இன்னொருவர் கைதட்டலுக்காக அதே சாவை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால், கீழே உட்கார்ந்து கேட்கும் உண்மையான பட்டாளத்துக்காரருக்கு வயிறு எரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு போலி பிடிபட்ட பிறகு, அடுத்து வாடகைக்கு வீடு கேட்டு வரும் நிஜமான ஹவில்தாரைத்தான் வீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார். கணவரின் ஓய்வூதிய ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வீரரின் மனைவியிடம்கூட "இது ஒரிஜினலா?" என்ற கேள்வி வருகிறது. எங்களுக்கு வலிப்பது அங்கேதான்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். முதலில் பதக்கம்.

நம் நாட்டின் போர்ப் பதக்கங்களிலும் சேவைப் பதக்கங்களிலும் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. முகப்பையும் பின்புறத்தையும் விட்டுவிட்டு, நாணயத்தின் ஓரம்போல இருக்கும் அந்தச் சின்ன விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பெற்றவரின் பணி எண், பதவி, பெயர் மூன்றும் பொடி எழுத்தில் அங்கே பதிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கிய நகலின் விளிம்பு வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் வாங்கியதாக இருந்தால் வேறு யாருடைய பெயராவது இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அசல் பதக்கம் தொலைந்துபோன உண்மையான வீரரும் அணிவகுப்புக்காகத் தையற்கடையில் நகல் வாங்கிக் குத்திக்கொள்வார். ஆகவே வெற்று விளிம்பை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டக் கூடாது. அது ஒரு கேள்வி கேட்பதற்கான இடம், அவ்வளவுதான்.

பதக்கங்களைத் தேதியோடு ஒட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டுப் பதக்கம், 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. "1990-இல் சேர்ந்தேன், கார்கில் முடிந்த பிறகுதான் வந்தேன்" என்பவரிடம் அது இருந்தாக வேண்டும். நீண்ட சேவைப் பதக்கம் 9 ஆண்டுக்கு ஒன்று, 20 ஆண்டுக்கு ஒன்று, 30 ஆண்டுக்கு ஒன்று என்று தனித்தனி. 17 ஆண்டு பணி செய்ததாகச் சொல்பவர் நெஞ்சில் 20 ஆண்டுப் பதக்கம் இருந்தால் கணக்கு உதைக்கிறது. 1971 போரின் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். அந்தப் போரில் மிக இளையவராகக் கலந்துகொண்டவர்கூட இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். 1999 கார்கில் போரில் இருந்தவர் இன்று நாற்பதுகளின் நடுப்பகுதியையாவது தொட்டிருக்க வேண்டும். வயதையும் போரையும் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தாலே பாதி கதைகள் நின்றுவிடும்.

பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா என்று பெரிய விருதுகளைச் சொல்பவர்களைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும்விட எளிது. வீர விருதுகள் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அறிவிக்கப்பட்டு அரசிதழில் பெயரோடு வெளியாகின்றன. பாதுகாப்பு அமைச்சகம் வீர விருதுகளுக்கென்றே தனி இணையதளம் நடத்துகிறது. பரம் வீர் சக்ரா பெற்றவர்கள் இதுவரை மொத்தமே 21 பேர், அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டது. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த 14 பேரில் ஒருவர். இப்படிப்பட்ட பட்டியலில் "ரகசியமாக எனக்கும் கொடுத்தார்கள்" என்று யாரும் நுழைய முடியாது.

அடுத்தது பேச்சு. பட்டாளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் சொல் உண்டு. காலாட்படையில் பொதுவாகச் சிப்பாய், பீரங்கிப் படையில் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர், தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸில் சிக்னல்மேன், வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.யில் கிராஃப்ட்ஸ்மேன், டாங்கிப் படையில் சோவார். காலாட்படையில் ஹவில்தார் என்றால் டாங்கிப் படையில் தஃபேதார். அங்கே சுபேதார், இங்கே ரிசால்தார். தொப்பியின் நிறமும் அப்படியே. காலாட்படைக்குக் கரும்பச்சை, டாங்கிப் படைக்குக் கறுப்பு, பீரங்கிப் படைக்குக் கருநீலம், பாராசூட் படைக்குக் கருஞ்சிவப்பு, ராணுவப் போலீசுக்குச் சிவப்பு. கருஞ்சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு "நான் டாங்கி ஓட்டினேன்" என்று ஒருவர் சொன்னால், நின்று கேட்க வேண்டிய இடம் அது. பயிற்சி எங்கே எடுத்தீர்கள் என்ற கேள்விக்கும் உண்மையான வீரர் யோசிக்க மாட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பயிற்சி மையத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் சாகும்வரை மறக்காது. எந்த வருடம் சேர்ந்தீர்கள், எந்தப் பதவியில் வெளியே வந்தீர்கள், கடைசி யூனிட் எது என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாலே போதும்.

போலிகளிடம் எப்போதும் காணும் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். அவர்களில் யாரும் சமையல் கூடத்தில் இருந்தேன், ஸ்டோரில் கணக்கு எழுதினேன், லாரி ஓட்டினேன் என்று சொல்வதில்லை. எல்லோரும் கமாண்டோ, எல்லோரும் எல்லை தாண்டியவர்கள். ஆனால் பட்டாளம் நடப்பதே மலைமேல் ரேஷன் ஏற்றும் டிரைவராலும், விடியுமுன் அடுப்பு மூட்டும் சமையற்காரராலும், உதிரி பாகம் எண்ணி வைக்கும் ஸ்டோர்மேனாலும்தான். அவர்களுடைய பணியைக் கேவலமாக நினைப்பவர்தான் கமாண்டோ வேஷம் போடுகிறார்.

ஆவணம் கேட்டவுடன் வரும் பதில்களும் எங்களுக்கு மனப்பாடம். "என் பணி ரகசியம், பதிவேடே கிடையாது" என்பது முதல் பதில். இது நடக்காத காரியம். எவ்வளவு ரகசியமான பிரிவில் இருந்தவரானாலும் அவருக்குப் பணி எண் உண்டு, சம்பளக் கணக்கு உண்டு, வெளியே வந்தபோது விடுவிப்பு ஆவணம் உண்டு. ரகசியம் என்பது அவர் என்ன செய்தார் என்பதில் இருக்கலாம், அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதில் இருக்காது. "வெள்ளத்தில் போய்விட்டது, தீயில் எரிந்துவிட்டது" என்பது இரண்டாவது பதில். வீட்டில் இருந்த பிரதி போகலாம். அவர் பிரிவின் பதிவு அலுவலகத்தில் அவர் பெயர் இருக்கும். அங்கே எழுதிக் கேட்டு மறு ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உண்மையானவர் அதைச் செய்திருப்பார், அல்லது செய்யச் சம்மதிப்பார்.

சரி, எந்த ஆவணங்களைப் பார்ப்பது? பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து வெளியே வந்தவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். பணி எண், பதவி, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, விடுவித்த காரணம், நடத்தை மதிப்பீடு, பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மேடையில் சொல்லும் கதையை இந்த ஒரு புத்தகத்தோடு ஒப்பிட்டால் போதும். ஓய்வூதியம் வாங்குபவரிடம் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை இருக்கும். சிப்பாயாக இருந்தவருக்குப் பொதுவாக 15 ஆண்டும், அதிகாரிக்கு 20 ஆண்டும் முடித்தால்தான் முழுமையான பணி ஓய்வூதியம். ஆகவே "ஐந்து வருடம் இருந்தேன், ஓய்வூதியம் வருகிறது" என்றால் காயத்தாலோ நோயாலோ வந்த ஊனமுற்றோர் ஓய்வூதியமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுக்கும் அடையாள அட்டை. வேலைக்குச் சேர்க்கும் நிறுவனங்கள் அந்த அலுவலகத்துக்கே எழுதி அட்டை உண்மையா என்று கேட்கலாம். கேன்டீன் அட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பொருள் வாங்குவதற்கான அட்டை, குடும்பத்தார் கையிலும் இருக்கும்.

ஆவணத்தை நேரில் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் எடுத்துக் குழுவில் போடுவது, போன் கேமராவில் பிடித்து அனுப்புவது வேண்டாம். அது ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறோம். முன்னாள் வீரர்களும் தங்கள் அட்டையை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஏனென்றால் இன்று போலி ராணுவ வீரரின் முக்கியமான தொழிலே போன் வழியாகத்தான் நடக்கிறது. வீடு வாடகைக்கு விடுவதாக இணையத்தில் விளம்பரம் போட்டவருக்கு ஓர் அழைப்பு வரும். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன்" என்பார். வீட்டைப் பார்க்க வரமாட்டார், வாடகையில் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசமாட்டார். நம்பிக்கை வருவதற்காகச் சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். அந்த அட்டை சில நேரம் உண்மையான வீரர் ஒருவருடையதாகவே இருக்கும், அனுப்புபவர்தான் பொய். பிறகு, "முன்பணம் ராணுவக் கணக்கிலிருந்து வரும், சரிபார்க்க முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டாகத் திரும்பி வரும்" என்பார். அதுவும் வரும். அதன்பிறகு ஒரு க்யூ.ஆர். கோடு வரும், அதை ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொல்வார். போட்டவுடன் பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். யு.பி.ஐ.யில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை, கொடுக்க மட்டும்தான் தேவை. இன்னொன்று, வீரரின் சம்பளம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில்தான் வருகிறது, எல்லோரையும்போல அதிலிருந்துதான் வாடகை கொடுப்பார். பழைய பைக், கார் விற்பனையிலும் இதே வலைதான்: "மாற்றலாகிவிட்டது, அவசரமாக விற்கிறேன், வண்டி ராணுவப் பார்சலில் வருகிறது, போக்குவரத்துச் செலவு மட்டும் அனுப்புங்கள்." பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதைவிடக் கொடுமை, வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளிடம் நடப்பது. "ஓய்வுபெற்ற கர்னல்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார், ஆள்சேர்ப்பில் தனக்கு ஆள் தெரியும் என்பார், பணம் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திய பணி ஆணையும் கொடுப்பார். இப்போது அக்னிவீர் சேர்க்கைக்கு முதலில் கணினி வழிப் பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குத்தான் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் உடலைத் தூக்குவது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது, பிறகு மருத்துவப் பரிசோதனை, கடைசியில் தரவரிசைப் பட்டியல். இதில் எந்தப் படியிலும் தனி ஆளுக்குப் பணம் கட்டும் இடமே கிடையாது. உண்மையான கர்னல் யாரும் வீட்டு வாசலில் வந்து பணம் கேட்கமாட்டார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு, படைவீரர் அல்லாத ஒருவர் தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்களுடையதைப் போன்ற உடையையோ அடையாளத்தையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய்தான். நோக்கம் என்ற சொல் இங்கே முக்கியம், நாடகத்தில் வேடம் போடுபவரை இந்தப் பிரிவு தொடாது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் அதே சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தில் சீருடை அணிந்தால் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமும் வருகிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவச் சீருடையில் வந்தார்கள் என்பதையும், அதன்பிறகு ராணுவமே போர்ச் சீருடைத் துணியைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம். 2022-இல் அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவமைப்பு ராணுவத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டது, வெளிச்சந்தையில் விற்கக் கூடாதது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. "எக்ஸ்-சர்வீஸ்மேன் காவலர்" என்று சொல்லி அதற்கான கூடுதல் தொகையை வாங்கிக்கொண்டு, பட்டாளத்தை அறியாத ஏழைத் தொழிலாளிக்கு ராணுவச் சீருடை போன்ற உடையை மாட்டி நிறுத்துகிறார்கள் சிலர். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அந்தக் காவலரோடு நிறுவன உரிமையாளரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த விஷயத்தில் காவலர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர் வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிறார். குடியிருப்புச் சங்கங்கள் ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொரு காவலரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் இது நின்றுவிடும்.

வெறும் வாயால் "நான் பட்டாளத்தில் இருந்தேன்" என்று சொல்வதையே குற்றமாக்க வேண்டும் என்று எங்களில் சிலர் கோபத்தில் சொல்வதுண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் படை விருது பெற்றதாக வெறும் வாயால் பொய் சொல்வதையே குற்றமாக்கி 2006-இல் சட்டம் போட்டார்கள், 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்துவிட்டது. பணமோ பயனோ பெறும் நோக்கத்தோடு விருது பெற்றதாகப் பொய் சொன்னால்தான் குற்றம் என்று 2013-இல் திருத்தி எழுதினார்கள். அந்த எல்லைக்கோடு எங்களுக்கும் சரியாகவே படுகிறது. நம் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு அரசு யாருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது, ஆனால் படைத்துறைச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மட்டும் விலக்குக் கொடுக்கிறது. பதவிப் பெயரை இவ்வளவு மதித்து எழுதிவைத்த நாட்டில் அதைச் சரியாகப் போடவாவது பழகலாம். அழைப்பிதழில் பதவி முதலில், பெயர் அடுத்து, "(ஓய்வு)" என்பது கடைசியில் வர வேண்டும். ஓய்வு பெறுவது ஆள்தான், பதவி ஓய்வு பெறுவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்கள் நியாயமாக நடந்தவர்கள் ஆகமாட்டோம். சந்தேகத்துக்கு உள்ளாகும் எல்லோரும் பொய்யர்கள் இல்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். முன்னாள் படைவீரர் என்ற அரசு விளக்கத்துக்குள் அவர்கள் வராவிட்டாலும் எல்லையிலும் காட்டிலும் உயிரைக் கொடுப்பவர்கள். ஊரார் அவர்களையும் "மிலிட்டரி" என்றுதான் சொல்வார்கள், அது அவர்கள் சொன்ன பொய் ஆகாது. எம்.இ.எஸ். எனப்படும் ராணுவக் கட்டுமானப் பிரிவு, எல்லைச் சாலை அமைப்பு, படைக்கலத் தொழிற்சாலைகளில் இருந்த சிவில் ஊழியர்களும், பயிற்சியில் காயம்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. தாத்தாவின் பதக்கத்தை நினைவு நாளில் அணிந்து வரும் பேரனும் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடும்பத்தார் அதை வலது மார்பில் அணிவது மரபு, இடது மார்பு பெற்றவருக்கு மட்டும். மறதி நோயில் நினைவுகள் கலைந்துபோன முதியவர் சொல்லும் தேதிகளும் முன்னுக்குப் பின் முரணாகத்தான் இருக்கும்.

அதனால்தான் தெருவில் மடக்கி, கேமராவை நீட்டி, பதக்கத்தைப் பிடுங்கி, அதைக் காணொளியாக்குவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். தவறான ஆளைப் பிடித்துவிட்டால் அந்த அவமானத்தை எதைக் கொண்டும் துடைக்க முடியாது. தனியாக அழைத்து, உட்கார வைத்து, ஆவணத்தைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் மேடை கொடுக்காதீர்கள், பணம் கொடுக்காதீர்கள். மோசடி நடந்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சீருடைப் படம், அழைப்பிதழ், பணப் பரிமாற்ற எண், அழைப்பு வந்த போன் எண் எல்லாவற்றையும் அழிக்காமல் சேர்த்து வையுங்கள்.

விழா ஏற்பாடு செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை படைவீரர் ஒருவரை அழைக்கும்போது, "வரும்போது உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உண்மையானவருக்கு அதில் வருத்தம் இராது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருப்பார், ஓரம் பழுப்பேறியிருக்கும். எடுத்துத் துடைத்துக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
முப்படைகளின் முன்னாள் படைவீரர்கள் சிலர்